கம்பெனி ஆஃபர்: போர்டில் எவ்வளவு, பில்லில் எவ்வளவு? நாகர்கோவில், மார்த்தாண்டம் ஷோரூம் தள்ளுபடிகள் ஒரு மதிப்பீடு

பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் கார் ஷோரூம் வாசல்களில் மாதாமாதம் போர்டு மாறும். தொகை மாறினாலும் அதன் பின்னால் வரும் ஒரு சொல் மாறாது: 'வரை'. '75,000 ரூபாய் வரை சலுகை' என்றால் 75,000 கிடைக்கும் என்று பொருளில்லை. ஐந்தாறு தனித்தனி சலுகைகளைக் கூட்டினால் வருகிற உச்சத் தொகை அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை, ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு காகிதம். காகிதம் இல்லாதவருக்கு அந்தப் பங்கு இல்லை.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. எக்ஸ் ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) 8,40,000 ரூபாய் உள்ள பெட்ரோல் கார். போர்டில் உள்ள 75,000-ஐப் பிரித்தால் பெரும்பாலும் இப்படி வரும்: எல்லோருக்கும் பொதுவான ரொக்கத் தள்ளுபடி 30,000, பழைய காரைக் கொடுத்துப் புதிது எடுப்பவருக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000, பட்டியலில் உள்ள நிறுவனங்களின் சம்பளக்காரருக்குக் கார்ப்பரேட் தள்ளுபடி 5,000, அதே கம்பெனி வண்டி ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு லாயல்டி போனஸ் 5,000, மீதி 10,000-க்கு ஆக்சசரீஸ். பழைய காரும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை என்கிற ஒரு ரப்பர் விவசாயிக்கு இதில் பணமாகக் கிடைப்பது 30,000 மட்டும். ஆக்சசரீஸ் பத்தாயிரம் என்பது எம்ஆர்பி கணக்கு. மிதியடி, சீட் கவர், மட்ஃப்ளாப் வெளியே வாங்கினால் அதில் பாதிக்கும் முடிந்துவிடும். இது தெரிந்து உள்ளே போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் ஒரே கொட்டேஷன்தான் நீட்டப்படுகிறது. வாசித்துப் பார்ப்பதில்தான் வித்தியாசம்.

இந்தப் பணம் யாருடையது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பங்கு கார் கம்பெனியுடையது. ஷோரூம்காரர் வண்டியைக் கம்பெனியிடம் முழு விலைக்கு எடுத்து, நமக்குத் தள்ளுபடியில் பில் போட்டு, அந்த மாதத் திட்டத்தின்படி ஆவணங்களை அனுப்புவார். கம்பெனி சரிபார்த்து அவர் கணக்கில் கிரெடிட் நோட் (வரவுச் சீட்டு) வைக்கும். ஆவணம் சரியில்லையென்றால் கிளெய்ம் நிராகரிக்கப்படும், அந்த இழப்பு ஷோரூமுக்கு. சேல்ஸ்மேன் ஆதார், ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று), ஐடி கார்டு என்று திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான். இதற்கு மேல் ஷோரூம் தன் மார்ஜினிலிருந்து கொடுப்பது தனி. பேரம் பேசக் கூடியது அந்தப் பங்கு. கம்பெனிப் பங்கில் பேரம் கிடையாது. தகுதி இருந்தால் முழுசாக வரவேண்டும், இல்லாவிட்டால் ஒரு ரூபாயும் வராது. கொட்டேஷனில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிற ஷோரூமை நம்பலாம். 'மொத்தமா ஒரு நல்ல ரேட் போட்டுத் தாறேன் சார்' என்று மழுப்பினால், கம்பெனி கொடுத்த பணத்தையே தன் கைக்காசுபோலக் காட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

புக்கிங் தேதியா, பில் தேதியா

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். கம்பெனித் திட்டம் ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி புதிதாகப் பிறக்கும், மாதக் கடைசியில் முடியும். எந்த மாதத்தில் நம் பெயருக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் (வரி பில்) போடப்படுகிறதோ அந்த மாதத் திட்டம்தான் நமக்கு. ஆடியில் புக் செய்து, கேட்ட நிறமும் வேரியன்ட்டும் வராமல் ஐப்பசியில் வண்டி வந்தால் ஐப்பசியில் என்ன இருக்கிறதோ அதுதான். விலையும் அப்படியே, 'டெலிவரி அன்றைய விலையே பொருந்தும்' என்று புக்கிங் படிவத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

இதே விதி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். 2025 செப்டம்பர் 22-ல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோது, ஆகஸ்டில் புக் செய்து அந்தத் தேதிக்குப் பிறகு பில் போட்டவர்களுக்குக் குறைந்த வரி கிடைத்தது. நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலானால் 1200 சிசிக்குள்ளும், டீசலானால் 1500 சிசிக்குள்ளும் இருந்தால்தான் இந்த 18 சதவீதம். அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40.

ஆகவே ஸ்டாக்கில் வண்டி இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பில் ஆகும் என்றால் மட்டும் இந்த மாத ஆஃபரை நம்பிக் கணக்குப் போடுங்கள். காத்திருக்க வேண்டிய மாடல் என்றால் ஆஃபர் பூஜ்யம் என்று வைத்தே பட்ஜெட் போடுவது நல்லது. பல மாதம் காத்திருப்புள்ள மாடலுக்குக் கம்பெனி ஆஃபர் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. 'புக்கிங் மாத ஆஃபரையே தருகிறோம்' என்று வாய்வார்த்தை கிடைத்தால் அதை புக்கிங் ரசீதிலேயே எழுதி, சீல் வைத்து, மேனேஜர் கையெழுத்து வாங்க வேண்டும். சேல்ஸ்மேனின் வாட்ஸ்அப் மட்டும் போதாது. அடுத்த மாதம் அவர் அந்த ஷோரூமில் இருப்பார் என்பதற்கே உத்தரவாதமில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நல்ல மாதம் எது? ஆடி. மலையாளக் கணக்கில் அது கர்க்கடகம். தமிழ் வீட்டிலும் மலையாள வீட்டிலும் ஒரே நேரத்தில் வண்டி எடுக்கத் தயங்குகிற மாதம் என்பதால் கூட்டம் குறையும், ஷோரூம் தன் மார்ஜினை இளக்கும். நாள் பார்க்காதவர்கள் இதைப் பயன்படுத்தலாம். நாள் பார்ப்பவர்கள் ஆடிக் கடைசியில் பில்லும் இன்சூரன்ஸும் முடித்து, ஆவணி பிறந்ததும் வண்டி எடுக்கலாம். அப்படிச் செய்தால் இன்சூரன்ஸ் தொடங்கும் தேதியையும், டெலிவரி வரை வண்டி யார் பொறுப்பில் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு அப்பால் ஓணம் ஆஃபர்

களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் ஷோரூம்கள். ஓணத்தையொட்டிக் கம்பெனிகள் கேரளத்துக்கென்று தனி ஆஃபர் விடுவார்கள்; அது மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்கள் கண்ணில் படாமல் போகாது. ஆனால் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் வண்டி எந்த மாநிலத்தில் பதிவாகிறது என்பதைப் பொறுத்தவை. ஆதாரில் கன்னியாகுமரி மாவட்ட முகவரி இருந்தால் வண்டி தமிழ்நாட்டில், பொதுவாக டிஎன்-74 அல்லது டிஎன்-75-ல், பதிவாக வேண்டும். கேரளத் திட்டத்தில் அந்த பில் ஏறாமல் போகலாம். அங்கே புக் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'தமிழ்நாடு ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இந்த ஆஃபர் உண்டா, எழுதித் தருவீர்களா?' உறவினர் முகவரியில் கேரளத்தில் பதிந்து இங்கே ஓட்டுவது தள்ளுபடிக்காகச் செய்யக் கூடிய காரியமல்ல. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வரி தனியாக வரும்.

எக்ஸ்சேஞ்ச் போனஸ்: தொகையும் பெரிது, சிக்கலும் பெரிது

பழைய காருக்கு வெளியே 2,60,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஷோரூம் மதிப்பீட்டாளர் 2,30,000 சொல்வார், 25,000 போனஸ் சேர்த்து 2,55,000 என்பார். கம்பெனி கொடுத்த போனஸ் முழுசாகக் கரைந்து, நமக்கு 5,000 நஷ்டம். அதனால் போனஸைப் பற்றிப் பேசாமல், முதலில் பழைய வண்டிக்கு மட்டும் விலை கேளுங்கள். அதற்கு முன் வெளியே இரண்டு இடங்களிலாவது விலை வாங்கி வைத்திருங்கள். சில கம்பெனிகள், வண்டியை வெளியாளுக்கு விற்று ஆர்சி மாறிய நகலைக் கொடுத்தாலும் போனஸ் தருகின்றன. உங்கள் கம்பெனியில் அது உண்டா, ஆர்சி மாற எத்தனை நாள் கெடு என்று கேட்டு வைப்பது நல்லது.

அடுத்து, பெயர். பழைய ஆர்சியில் உள்ள பெயரும் புது பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். உறவை ரேஷன் ஸ்மார்ட் கார்டு, திருமணச் சான்று, பிறப்புச் சான்று போன்றவற்றால் காட்ட வேண்டும். மைத்துனர், மருமகன் பெயரில் உள்ள வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கணவர் வளைகுடாவில், வண்டி அவர் பெயரில், புதுக் கார் மனைவி பெயரில் என்பது நம் மாவட்டத்தில் சாதாரணம். வண்டியின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும்; பெயர் மாற்றத்தின்போது ஆதாரில் இணைந்த மொபைலுக்கு ஓடிபி போகலாம். அந்த எண் வெளிநாட்டில் ரோமிங்கில் இல்லாமல் கிடந்தால் வேலை நின்றுபோகும். அவர் லீவில் வந்திருக்கும்போதே கையெழுத்தும் மொபைல் எண்ணும் சரிசெய்து வைத்துவிட்டு புக்கிங்கைத் தொடங்குங்கள்.

பழைய வண்டி கேஎல்-01, கேஎல்-19, கேஎல்-20 என்று கேரளப் பதிவாக இருந்தால், தமிழ்நாட்டில் பெயர் மாற்ற அங்குள்ள ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். கட்டாத இ-செலான் இருந்தால் அது வராது. ஆர்சியில் பழைய லோன் குறிப்பு அழியாமல் இருந்தால் பேங்கிலிருந்து படிவம் 35, கடிதம் இரண்டும் வாங்க வேண்டும். கடன் கட்டி முடித்துப் பத்து வருஷமாகியும் இந்தக் குறிப்பை அழிக்காதவர்கள் ஏராளம். இவை முடிய வாரங்கள் ஆகலாம், ஆஃபரோ மாதக் கடைசியில் முடிந்துவிடும்.

வண்டியை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிய ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். ஆர்சி மாறுகிற வரை அந்த வண்டி செய்கிற விபத்தும் செலானும் பழைய பெயரைத்தான் தேடி வரும்.

எக்ஸ்சேஞ்சில் யாரும் சொல்லித் தராத இன்னொரு பணம் நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி). தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் எடுக்காமல் இருந்தால் 50 சதவீதம் வரை, புது வண்டி இன்சூரன்ஸின் ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான) பகுதியில் குறையும். பழைய வண்டியை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி சான்று கேட்டு வாங்குங்கள். மூன்று வருஷம் செல்லும். இது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. கணவர் பெயரிலுள்ள போனஸை மனைவி பெயரில் எடுக்கும் காருக்குப் போட முடியாது. புதுக் காரை யார் பெயரில் எடுப்பது என்று முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் வையுங்கள். பல வண்டிகளில் இந்தத் தொகை கார்ப்பரேட் தள்ளுபடியைவிடப் பெரிதாக இருக்கும்.

பழைய வண்டியை விற்காமல் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் (வண்டியை ஒப்படைத்ததற்கான சான்று) தருவார்கள். 2024 ஆகஸ்டில் பல கம்பெனிகள் இதற்கு எக்ஸ் ஷோரூம் விலையில் 1.5 சதவீதம், அதிகபட்சம் 20,000 ரூபாய் தள்ளுபடியை ஒரு வருஷத்துக்குத் தர ஒப்புக்கொண்டன; இப்போது உண்டா என்று கேளுங்கள். முந்தைய ஆறு மாதத்துக்குள் ஸ்கிராப் செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எக்ஸ்சேஞ்ச் போனஸ், ஸ்கிராப் தள்ளுபடி இரண்டும் சேர்ந்து வராது என்றும் வைத்திருந்தார்கள்.

கார்ப்பரேட் தள்ளுபடியில் தொகை சின்னது, ஆனால் நம் மாவட்டத்தில் கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம். அரசு ஆசிரியர், போக்குவரத்துக் கழக ஊழியர், அரசு ரப்பர் கழகம், மணவாளக்குறிச்சி ஐஆர்இஎல் போன்ற பொதுத்துறைக்காரர்கள், பேங்க் ஊழியர்கள் எல்லோரும் பட்டியலில் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களை 'பிரைவேட்' என்று சொல்லித் தட்டிவிடுவதுண்டு. சம்பளச் சீட்டைக் காட்டி மறுபடி கேளுங்கள். ஐடி கார்டும் சமீபத்திய சம்பளச் சீட்டும் போதும். சில திட்டங்களில் பெற்றோருக்கும் வாழ்க்கைத் துணைக்கும்கூட உண்டு.

போன வருஷ வண்டி

பெரிய தள்ளுபடி, 60,000, 80,000 என்று வந்தால் பெரும்பாலும் அது முந்தைய ஆண்டில் தயாரான வண்டி. இதில் தவறில்லை, தெரிந்து வாங்கினால் நல்ல வியாபாரமே. ஆனால் விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள், ஆர்சியிலும் தயாரிப்பு மாதமும் வருஷமும் அச்சாகும். எட்டு, பத்து வருஷம் வைத்திருப்பவருக்கு லாபம். மூன்று வருஷத்தில் மாற்றுகிறவருக்குத் தள்ளுபடி முழுவதும் மறுவிற்பனையில் போய்விடும்.

படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றில் தயாரிப்பு மாதம் எழுதியிருக்கும். பில் போடுவதற்கு முன்பே சேசிஸ் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வாங்கி, யார்டில் போய் வண்டியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 3825 என்றால் 2025-ம் ஆண்டின் 38-வது வாரம். நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பாருங்கள், ஒன்று மட்டும் வேறு தேதியென்றால் மாற்றியிருக்கிறார்கள். பேட்டரியிலும் தேதி உண்டு. நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும், கடல் காற்றும் உண்டு; திறந்த யார்டில் ஆறேழு மாதம் நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் மேலோட்டத் துரு இயல்பு, ஓட்டினால் போய்விடும். ஆனால் சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளம், கதவுக் கீல், அடிப்பாகத்து போல்ட் தலை ஆகியவற்றில் செம்பழுப்புப் படிந்திருந்தால் வேறு சேசிஸ் கேளுங்கள். தென்னந்தோப்பை ஒட்டிய யார்டானால் பானெட்டைத் திறந்து வயரிங்கில் எலிக்கடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் சார்ஜ் போட்டுத் தருகிறோம் என்பதை ஏற்க வேண்டாம், புதிது கேட்கலாம்.

பில்லில் எப்படி வர வேண்டும்

மூன்று விதமாகச் செய்கிறார்கள். டாக்ஸ் இன்வாய்ஸிலேயே தள்ளுபடியைக் கழித்துக் காட்டுவது சிறந்தது. முழு விலைக்கு பில் போட்டு, தனி கிரெடிட் நோட்டில் கழிப்பது பரவாயில்லை, நகல் நம் கையில் இருந்தால். 'முழுசாகக் கட்டுங்கள், கிளெய்ம் வந்ததும் அக்கவுண்டில் போடுகிறோம்' என்பதை ஒப்புக்கொள்ளவே கூடாது. கிளெய்ம் எப்போது வரும் என்பது நமக்கும் தெரியாது, கேட்க ஆதாரமும் இருக்காது.

பில்லில் காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பில் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் பிடித்து நம் பெயரில் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். விலை 10,18,000, தள்ளுபடி 30,000 என்றால், பில்லிலேயே கழித்தால் 9,88,000, டிசிஎஸ் இல்லை. கழிக்காவிட்டால் 10,180 ரூபாய் பிடிபடும். வருமான வரி ரிட்டர்ன் போடுகிறவருக்கு அது திரும்ப வரும். போடாதவருக்கு, அதைத் திரும்பப் பெறவே ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும்.

சாலை வரியிலும் இந்த 10 லட்சம் ஒரு சுவர். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுள் வரி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விலை 9,95,000 என்றால் வரி 1,29,350. 10,05,000 என்றால் 1,80,900. பத்தாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு 51,550 கூடுதல் வரி! தள்ளுபடி வந்து 10 லட்சத்துக்குள் இறங்கிவிடும் என்று நம்பி மேல் வேரியன்ட்டுக்குப் போவதற்கு முன்னால், வரி எந்த விலையின் மேல் போடப்படுகிறது என்பதை எஸ்டிமேட்டில் எழுத்தாகப் பாருங்கள். கால்குலேட்டரில் 13 சதவீதம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொடுத்த தள்ளுபடியைத் திரும்ப எடுக்கிற வரிகளும் அதே கொட்டேஷனில்தான் இருக்கும். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்று ஐந்து முதல் பத்தாயிரம் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவருகிற செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. 'எசென்ஷியல் கிட்' என்கிற ஆக்சசரீஸ் தொகுப்பு கட்டாயமில்லை. இன்சூரன்ஸை வெளியே எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி (பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு) கட்டாயம், ஓன் டேமேஜ் ஒரு வருஷம் போதும். அதே ஐடிவி (வண்டியின் காப்பீட்டு மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) வைத்து வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டினால் பெரும்பாலான ஷோரூம்கள் இறங்கி வரும். 'இன்சூரன்ஸ் எங்களிடம் எடுக்காவிட்டால் ஆஃபர் இல்லை' என்றால், ஷோரூம் பங்கை வேண்டுமானால் அவர்கள் குறைக்கட்டும், கம்பெனிப் பங்கைக் கேட்டு வாங்குங்கள்.

லோன் ஆஃபரையும் கணக்குப் போட்டே எடுக்க வேண்டும். 6 லட்சம், 60 மாதம், 9 சதவீதம் என்றால் தவணை 12,455. அதுவே 9.5 சதவீதமானால் 12,601. மாதம் 146 ரூபாய்தான், ஆனால் ஐந்து வருஷத்தில் 8,760. 'எங்கள் பேங்கில் எடுத்தால் 10,000 தள்ளுபடி' என்பதன் பெரும்பகுதி அங்கே போய்விடும், பிராசசிங் ஃபீ மீதியைத் தின்றுவிடும்.

பணத்தை ஷோரூம் நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், சேல்ஸ்மேனின் ஜிபேக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ரப்பர், தேங்காய் விற்ற ரொக்கத்தோடு வருகிறவர்கள் கவனிக்க: ஒரு வண்டிக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிரித்துப் பிரித்துக் கட்டினாலும் அதே விதிதான்.

நம் மதிப்பீட்டைச் சொல்வதானால்: பொதுத் தள்ளுபடி நம்பத் தகுந்தது, பில் தேதியில் கவனம் போதும். கார்ப்பரேட் எளிது, கேட்டு வாங்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் காகிதம் தயாராக உள்ளவருக்கு மட்டும். இலவச ஆக்சசரீஸ், லோன் ஆஃபர் இரண்டையும் பூஜ்யமாகவே மதிப்பிடுங்கள்.

எழுதித் தந்த தள்ளுபடி பில்லில் வரவில்லை என்றால், மீதிப் பணம் கட்டுவதற்கு முன்பே நிறுத்துங்கள். கட்டிய பிறகு பேசுகிற பேச்சுக்கு எடை குறைவு. கட்டிவிட்டீர்கள் என்றால் கொட்டேஷன், புக்கிங் ரசீது, இன்வாய்ஸ் மூன்றையும் இணைத்துக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்த மாதத் திட்டத்தில் உங்கள் சேசிஸ் எண்ணுக்கு எவ்வளவு கிளெய்ம் ஆனது என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம் வரையிலான வழக்குகள் அங்கேதான். 5 முதல் 10 லட்சம் வரையிலான வண்டிக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.